கோழியிலிருந்து ஆரம்பித்த ஒரு எச்.ஐ.வி. தடுப்பூசி

1984 ஏப்ரல் 23. வாஷிங்டனில் ஒரு பிரஸ் மீட். அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலர் மார்கரெட் ஹெக்லர் (நம்மூர் கணக்கில் மத்திய சுகாதார அமைச்சர்) எய்ட்ஸுக்குக் காரணமான வைரஸைக் கண்டுபிடிச்சாச்சுன்னு அறிவிக்கிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் சுமார் ரெண்டு வருஷத்தில் தடுப்பூசி சோதனைக்குத் தயாராகிவிடும் என்றும் சொல்லிவிட்டார்.

சாஃப்ட்வேரில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த மாதிரி தேதி ஒண்ணும் புதுசில்லை. கோட் எழுதப் போகிறவனைக் கேட்காமலேயே கிளையண்ட்டிடம் யாரோ தேதி கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள். :-) ஆனால் இங்கே தாமதம் நாற்பது வருஷத்தைத் தாண்டிவிட்டது. எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி இன்னும் இல்லை.

அந்த நாற்பது வருஷத்துக்குள் சிலருடைய மொத்த ஆராய்ச்சி வாழ்க்கையே அடங்கிவிட்டது. அவர்களில் ஒருவர் ஹாரியட் ராபின்சன். எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்காக காரிகோவுக்கும் வைஸ்மேனுக்கும் 2023-இல் நோபல் கிடைத்தபோது நாம எல்லாரும் அவர்களைப் பற்றிப் படித்தோம். அந்த வீட்டுக்கு அடுத்த வீடு டி.என்.ஏ. தடுப்பூசி. அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ராபின்சனும் உண்டு. அவரைப் பற்றித் தமிழில் நான் எதுவும் படித்ததில்லை.

அவர் கதை எச்.ஐ.வி.யில் ஆரம்பிக்கவில்லை. கோழியில் ஆரம்பிக்கிறது.

1965-இல் எம்.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, பெர்க்லியில் ரவுஸ் சார்கோமா வைரஸைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போனார். கோழிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸ் அது. 1911-லேயே பெய்டன் ரவுஸ் அதைப் பற்றி எழுதிவிட்டார். நோபல் கொடுக்க 1966 வரை எடுத்துக்கொண்டார்கள். (பொறுமைக்கே தனியாக ஒரு நோபல் கொடுத்திருக்கலாம்.) இது ரெட்ரோவைரஸ் வகை. அதாவது ஆர்.என்.ஏ.வாக உள்ளே வந்து, டி.என்.ஏ.வாகத் தன்னை மாற்றி எழுதிக்கொண்டு, நம்ம செல்லின் மரபணுத் தொகுப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். கோழி வைரஸ் படித்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டம். 1983-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் எய்ட்ஸ் நோயாளியிடமிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். பார்த்தால், அதுவும் ரெட்ரோவைரஸ்.

மாசசூசெட்ஸில் ராபின்சன் இருந்த காலத்தில், பறவைக் காய்ச்சலில் கரைகண்ட ராபர்ட் வெப்ஸ்டருடன் சேர்ந்து வேலை செய்தார். ஃப்ளூ வைரஸின் ஒரு ஜீனை கோழிக்குள் அனுப்பினால் காய்ச்சலிலிருந்து காப்பாற்ற முடியுமா என்பது கேள்வி. முதலில் ஜீனைச் சுமந்து போக ஒரு ரெட்ரோவைரஸை வண்டியாக வைத்துக்கொண்டார்கள். 1988-இல் அது நன்றாகவே வேலை செய்தது. பிறகுதான் அடுத்த கேள்வி. வண்டியே வேண்டாம், வெறும் டி.என்.ஏ.வையே ஊசியில் போட்டால் என்ன?

இது அந்தக் காலத்தில் கொஞ்சம் கிறுக்குத்தனமான யோசனை. டி.என்.ஏ. என்பது வெறும் சோர்ஸ் கோட். சோர்ஸ் கோடைப் பிரிண்ட் எடுத்து கம்ப்யூட்டர் மேல் ஒட்டினால் புரோகிராம் ஓடுமா? ஓடுகிறது என்று 1990-இல் ஜான் உல்ஃப் குழு காட்டியிருந்தது. எலியின் தசையில் வெறும் டி.என்.ஏ.வையோ ஆர்.என்.ஏ.வையோ போட்டாலே போதும், அந்தத் தசை செல்கள் தாமாகப் படித்துப் புரதம் செய்தன. கொழுப்புப் பூச்சு, வைரஸ் வண்டி எதுவும் தேவைப்படவில்லை. எனக்குத் தெரிந்து உயிரியலில் இதைவிட 'என்னடா இது' என்று சொல்ல வைக்கும் முடிவுகள் குறைவு.

இதைத் தடுப்பூசியாக்கும் வேலை எளிமையானதுதான். பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்று வளையம் மாதிரி குட்டி டி.என்.ஏ. இருக்கும். அதில் வைரஸின் ஒரே ஒரு ஜீனைச் செருகி, பாக்டீரியாவில் வளர்த்து, சுத்தம் செய்து, உடம்புக்குள் போட வேண்டும். நம்ம செல் அந்த ஜீனைப் படித்து வைரஸின் ஒரு துண்டை மட்டும் செய்யும். நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பார்த்துப் பயிற்சி எடுத்துக்கொள்ளும். முழு வைரஸ் எங்கேயும் இல்லாததால் நோய் வரவும் வழியில்லை. எச்.ஐ.வி. மாதிரி ஒன்றுக்கு இது ரொம்ப முக்கியம். பலவீனப்படுத்தின எச்.ஐ.வி.யை யார் கையில் ஏற்றிக்கொள்வார்கள்?

1992 செப்டம்பரில் கோல்ட் ஸ்ப்ரிங் ஹார்பரில் தடுப்பூசி மாநாடு. மூன்று குழுக்கள், தனித்தனியாக, கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. மெர்க் கம்பெனியிலிருந்து மார்கரெட் லியூ குழு, பென்சில்வேனியாவிலிருந்து டேவிட் வைனர் குழு, கோழிகளோடு ராபின்சன். 1993-இல் கட்டுரைகள் வந்தன. ராபின்சனின் கோழிகளில் சுமார் பாதி, கொல்லக்கூடிய ஃப்ளூவைத் தாங்கி உயிர் பிழைத்தன, டி.என்.ஏ. போடாதவை ஏறக்குறைய எல்லாமே செத்தன. மெர்க்கின் எலிகள் இன்னும் சுவாரசியம். 1934-ஆம் வருஷ வைரஸின் ஜீனைப் போட்டுவிட்டு 1968-ஆம் வருஷ வைரஸால் தாக்கினார்கள், தாங்கின. 34 வருஷ வித்தியாசம்!

அதே வருஷம் ராபின்சன் ஜீன் கன்னும் பயன்படுத்திப் பார்த்தார். தங்கத் துகள்களில் டி.என்.ஏ.வைப் பூசி தோலுக்குள் சுடும் கருவி. முதலில் செடிகளுக்காகச் செய்தது, வெங்காயத்தில் சோதித்தது. சாதாரண ஊசியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு குறைவான டி.என்.ஏ. போதுமானதாக இருந்தது. இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இதற்குப் பிறகு வசதியாக ஃப்ளூவிலேயே இருந்திருக்கலாம். அவர் எச்.ஐ.வி.யைக் கையில் எடுத்தார். 1990களின் பிற்பகுதியில் அட்லாண்டா எமரி பல்கலைக்கழகத்தின் யெர்க்கீஸ் குரங்கு ஆய்வு மையத்துக்குப் போனார். எலிக்குப் பிரமாதமாக வேலை செய்த டி.என்.ஏ., குரங்குக்கும் மனிதனுக்கும் மந்தமாகவே வேலை செய்தது. அதனால் இரண்டு கட்டமாக: முதலில் டி.என்.ஏ., அப்புறம் அதே புரதங்களைச் செய்யும் எம்.வி.ஏ. என்ற அம்மை வைரஸ். இந்த எம்.வி.ஏ. கோழிக் கரு செல்களில் 500 தடவைக்கு மேல் வளர்த்து வளர்த்து, மனித செல்லில் பெருகும் சக்தியையே இழந்த வைரஸ். மறுபடி கோழி!

2001 ஏப்ரலில் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை. முதல் பெயர் ராமா ராவ் அமரா, பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யில் காசநோய்க் கிருமியோடு மல்லுக்கட்டிவிட்டு அட்லாண்டா போனவர். கடைசிப் பெயர் ராபின்சன். 24 குரங்குகளுக்குத் தடுப்பூசி, 4 குரங்குகளுக்கு இல்லை. ஏழு மாசம் கழித்து, எச்.ஐ.வி.யின் உறையும் குரங்கு வைரஸின் உடம்பும் சேர்ந்த ஒரு கலப்பு வைரஸைக் கொடுத்தார்கள். ஊசி போட்டவற்றுக்கும் தொற்று வந்தது. ஆனால் வைரஸை அடக்கிவைத்தன. போடாதவற்றுக்கு எய்ட்ஸ் முற்றியது. அதே 2001-இல் இந்தத் தடுப்பூசியை மனிதர்களிடம் கொண்டுபோக ஜியோவாக்ஸ் கம்பெனி ஆரம்பமானது. பின்னாளில் ராபின்சன் அதன் தலைமை விஞ்ஞானி.

இங்கேதான் நம்ம ஆட்களுக்குப் பழக்கமான சோகம். டெஸ்ட் சர்வரில் ஓடினது புரொடக்‌ஷனில் ஓடவில்லை. அந்தக் கலப்பு வைரஸ் குரங்கை வேகமாகக் கொல்லும், ஆனால் தடுப்பூசியால் அடக்குவதற்கு ஓரளவு சுலபமானது என்பது போகப் போகத்தான் தெரிந்தது. மெர்க்கின் வேறொரு எச்.ஐ.வி. தடுப்பூசியும் அதே வைரஸை அடக்கியிருந்தது. 2007-இல் மனிதர்களிடம் தோற்றது.

ராபின்சனின் தடுப்பூசி 299 பேரிடம் சோதிக்கப்பட்டது. பாதுகாப்பானது, எதிர்ப்பு சக்தியும் உண்டாகிறது என்று 2017-இல் முடிவு வெளியானது. ஆனால் உண்மையிலேயே தொற்றைத் தடுக்கிறதா என்று பார்க்கும் பெரிய சோதனைக்கு அது போகவேயில்லை. காரணத்தை ஊகிக்கலாம். அதற்கு முன்பே, 2013 ஏப்ரலில், அமெரிக்க அரசின் இன்னொரு டி.என்.ஏ. தடுப்பூசி (கூடவே அடினோவைரஸ் பூஸ்டர்) 2,504 பேரிடம் நடந்த சோதனையில் பாதியில் நிறுத்தப்பட்டிருந்தது. ஊசி போட்டவர்களில் 41 பேருக்குத் தொற்று, போலி ஊசி போட்டவர்களில் 30 பேருக்கு. தடுப்பூசியால்தான் தொற்று வந்தது என்று இதற்கு அர்த்தமில்லை, அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. ஆனால் காப்பாற்றவில்லை என்பதில் சந்தேகமில்லை.

நம்ம சென்னைக்கும் இதில் ஒரு சின்ன இடம் உண்டு. டி.என்.ஏ.வும் எம்.வி.ஏ.வும் சேர்ந்த வேறொரு எச்.ஐ.வி. தடுப்பூசியை சென்னையிலும் புனேயிலும் 32 ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் சோதித்தார்கள். முடிவு 2013-இல் வந்தது. அந்த 32 பேரின் பெயர் எந்தக் கட்டுரையிலும் இருக்காது. எச்.ஐ.வி. என்ற வார்த்தையையே வீட்டில் உச்சரிக்கத் தயங்கும் ஊரில், நோயே இல்லாத ஒருத்தர் அந்த ஊசிக்குக் கை நீட்டியிருக்கிறார். வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போயிருப்பார்? 2023-இல் ஆப்பிரிக்காவில் டி.என்.ஏ.வை வைத்து நடந்த பிரெப்வாக் சோதனையும் பலனில்லை என்று நிறுத்தப்பட்டது.

அப்படியானால் இத்தனை வருஷ உழைப்பும் வீணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பிராஜெக்ட்டுக்காக எழுதின லைப்ரரி, அந்த பிராஜெக்ட் ஊத்தி மூடின பிறகு வேறு யாரோ கையில் உயிரோடு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். டி.என்.ஏ. தடுப்பூசி 2005-லேயே அமெரிக்கக் குதிரைகளுக்கும் கனடாவின் பண்ணை சால்மன் மீன்களுக்கும் அனுமதி பெற்றுவிட்டது. மனிதன் மட்டும்தான் பாக்கி.

2021 ஆகஸ்ட் 20 அன்று அதுவும் நடந்தது. அகமதாபாத் சைடஸ் கம்பெனியின் சைகோவ்-டி என்ற கோவிட் தடுப்பூசிக்கு அவசர அனுமதி. மனிதர்களுக்கு உலகிலேயே முதல் டி.என்.ஏ. தடுப்பூசி. இது ராபின்சன் செய்ததில்லை, ஆனால் அதே வழி: ஒரு பிளாஸ்மிட், அதில் வைரஸின் ஒரு ஜீன். 28,000 பேருக்கு மேல் நடந்த சோதனையில் 66.6 சதவீதப் பலன் என்று கம்பெனி இடைக்கால முடிவில் சொன்னது. 2022 பிப்ரவரியில் பாட்னாவில் போட ஆரம்பித்தார்கள். அதற்குள் நம்மில் பெரும்பாலோர் கோவிஷீல்டோ கோவாக்சினோ போட்டு முடித்திருந்தோம்.

அதிலும் ஊசி கிடையாது. மருந்தை வேகமாகப் பீய்ச்சித் தோலுக்குள் அனுப்பும் கருவி. எலிக்கு மைக்ரோகிராமில் போதுமானது மனிதனுக்கு ஒரு டோஸுக்கு 2 மில்லிகிராம் வேண்டியிருந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும் ஒவ்வொன்று. மூன்று டோஸ், மொத்தம் ஆறு.