அசையும் கையும் அசையாத படமும்

1665-ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த ‘மைக்ரோகிராஃபியா’ என்னும் நூலுக்காக, ராபர்ட் ஹூக் ஓர் எறும்பைப் பெரிதாக்கி வரைய முயன்றார். உயிருள்ள எறும்பு ஓயாமல் நெளிந்தது. கொன்றாலோ அதன் உருவம் கெட்டது. முடிவில் அதைப் பிராந்தியில் அமிழ்த்தினார். மயங்கிய எறும்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் அசையாமல் கிடந்தது, படமும் உருவாயிற்று.

காமிரா வந்த பிறகும் இந்தத் தொல்லை தீரவில்லை, இரட்டிப்பாயிற்று. எறும்போடு, காமிராவைப் பிடித்திருக்கும் கையும் அசைகிறது அல்லவா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 35 மி.மீ. பிலிமில் ஒரு பூச்சியை அதன் உண்மை அளவிலேயே பதிக்கிறோம். 0.03 மி.மீ. வரையுள்ள மங்கலைக் கண் பொறுத்துக்கொள்ளும் என்று கொள்வோம். லென்ஸின் துளையை எஃப் 8-இல் வைத்தால், முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏறத்தாழ 1 மி.மீ. ஆழமே தெளிவாக விழும். நாம் மூச்சு விட்டாலே உடல் அதைவிட அதிகமாக அசையும்!

துளையைச் சுருக்கினால் ஆழம் கூடும்; ஆனால் ஒளி குறையும். உண்மை அளவில் படம் எடுக்கையில், தொலைப் பொருளைப் படமெடுக்கும்போது கிடைக்கும் ஒளியில் கால் பங்குதான் பிலிமை அடைகிறது. ஆகவே ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் கை அசைந்துவிடும். துளையை மிகவும் சுருக்கினாலோ, ஒளியின் விளிம்பு வளைவினால் படம் முழுவதுமே மழுங்கும். குட்டைப் போர்வையால் தலையை மூடினால் கால் வெளியே தெரிகிற கதைதான்.

இதற்கு விடை 1851-இலேயே தோன்றியது. ஃபாக்ஸ் டால்பட் என்பவர் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் செய்தித்தாளை ஒட்டி, மின்பொறியின் ஒளியில் படம் எடுத்தார். எழுத்துகள் படிக்கும்படி விழுந்தன. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தால் என்ன? ஒளி இருந்த நேரம்தானே கணக்கு! 1931-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்டு எட்கர்ட்டன், வாயுக் குழாயைக் கொண்டு இத்தகைய மின்னலைத் திரும்பத் திரும்ப உண்டாக்கினார். பின்னாளில் அதுவே கையடக்க ஃபிளாஷ் ஆயிற்று.

கை நொடிக்கு 5 மி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1/100 நொடியில் படம் 0.05 மி.மீ. இழுபடும், மங்கல் கண்ணுக்குத் தெரியும். குறைந்த திறனில் எரியும் ஃபிளாஷின் 1/10,000 நொடி ஒளியிலோ 0.0005 மி.மீ. மட்டுமே. சுற்றுப்புற வெளிச்சத்தை ஃபிளாஷ் விஞ்சி நிற்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

மற்ற வசதிகள் பின்னர் வந்தன. 1936-இன் கினே எக்ஸாக்டா, 35 மி.மீ. பிலிமில் விழப்போகும் உருவத்தை லென்ஸ் வழியாகவே காட்டியது. 1975-இன் ஒலிம்பஸ் ஓ.எம்.-2, பிலிமில் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து, போதுமானதும் ஃபிளாஷை நிறுத்தியது. 2009-இல் கேனன் நிறுவனத்தின் மாக்ரோ லென்ஸ் ஒன்று, கையின் சாய்வோடு பக்கவாட்டு நகர்வையும் ஈடுசெய்தது.

ஆயினும் முன்பின் அசைவை இவை எதுவும் தடுப்பதில்லை. அதற்கு உடல்தான் கருவி. முழங்கைகளை விலாவோடு ஒட்டுங்கள். லென்ஸின் குவிய வளையத்தைத் தொடாமல், உடலை மெல்ல முன்னே சாய்த்து, பூச்சியின் கண் தெளியும் கணத்தில் பொத்தானை அழுத்துங்கள். பூச்சியின் உடல் நீளத்துக்கு இணையாகக் காமிராவைப் பிடித்தால், அந்த 1 மி.மீ. ஆழத்திற்குள்ளேயே தலை முதல் வால் வரை பெரும்பகுதி அடங்கும்.

எங்கள் குமாரபாளையத்தில் விசைத்தறித் துண்டு இல்லாத வீடு அரிது. ஒரு துண்டைச் சாய்வாக விரித்து, செல்போனில் சிறு உருப்பெருக்கி லென்ஸைப் பொருத்திப் படமெடுங்கள். தெளிவாக விழுந்த இழைகளை எண்ணுங்கள். தெளிவின் ஆழம் எவ்வளவு சிறிது என்பது கண்கூடாகும். இழையில் கை பழகியபின் எறும்பிடம் போகலாம். அதற்குப் பிராந்தி வேண்டாம், கொல்லவும் வேண்டாம். படம் எடுத்து முடித்ததும் அது தன் வழியே போகட்டும்.