தீத்தடுப்பு ஆடை: பஞ்சு விளைந்த நாட்டில்

தீத்தடுப்பு ஆடை என்பது நெருப்பு, கடும் வெப்பம், உருகிய உலோகம் ஆகியவற்றின் அருகே வேலை செய்வோர் அணியும் பாதுகாப்பு உடையாகும். இது எரியவே எரியாத ஆடை அன்று. எளிதில் தீப்பற்றாது, பற்றினாலும் நெருப்பு விலகியதும் தானே அணைந்துவிடும். உடுத்தியவர் தப்பிக்கக் கிடைக்கும் சில நொடிகளே இதன் பயன்.

கோயம்புத்தூருக்குக் கிழக்கே உள்ள சூலூரில் இந்த ஆடையின் தேவையைப் பல வகையில் காணலாம். சுற்றிலும் நூற்பாலைகளும் விசைத்தறிகளும். அருகிலேயே விமானப்படைத் தளம். மேற்கே கோவையில் பம்புசெட் உதிரிகளை வார்க்கும் ஃபவுண்டரிகள். 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கியது முதல், குறிப்பாக 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு, இந்த வட்டாரம் பஞ்சை நம்பி வளர்ந்தது. பஞ்சுப் பொதியில் தப்பிவந்த சிறு இரும்புத் துண்டு இயந்திரத்தில் உரசினாலே புளோ ரூமில் தீப்பிடிக்கும் என்பது ஆலைத் தொழிலாளர் எல்லோருக்கும் தெரியும்.

பருத்தி எரியக் காற்றில் 18 விழுக்காடு ஆக்சிஜன் இருந்தால் போதும். நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பதோ 21 விழுக்காடு. சூடேறும்போது பருத்தியின் செல்லுலோசு சிதைந்து எரியும் ஆவியாகிறது. பாஸ்பரஸ் சேர்மங்களை ஏற்றினால் ஆவி குறைந்து கரி மிகுகிறது. அந்தக் கரியே தீ பரவாமல் தடுக்கிறது. பிரான்சில் நாடக அரங்குத் திரைகள் தீப்பிடிப்பதைத் தடுக்க வழி தேடிய கே-லுசாக், 1821இல் அம்மோனியம் பாஸ்பேட்டு, வெங்காரம் போன்ற உப்புகளைத் துணியில் ஏற்றிக் காட்டினார். ஆனால் ஒருமுறை துவைத்தாலே உப்பு கரைந்துவிடும். திரைக்கு அது போதும், சட்டைக்குப் போதாது.

துவைத்தாலும் நிலைக்கும் முறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் உருவாக்கியவர் இளைய வில்லியம் பெர்க்கின். செயற்கை ஊதாச் சாயம் கண்ட பெர்க்கினின் மகன் இவர். மலிவான பருத்தி ஃபிளானல் உடுத்திய குழந்தைகள் குளிர்காய்ந்த அடுப்பருகே தீப்பற்றி இறந்ததே இந்த ஆய்வுக்குக் காரணம். வெள்ளீயச் சேர்மங்களை இழையிலேயே படியச் செய்தார். 1950களில் அமெரிக்க ஆய்வாளர்கள் பாஸ்பரஸ் சேர்மத்தைப் பருத்தி இழைக்குள்ளேயே நிலைபெறச் செய்த முறையே, இன்று விற்கும் தீத்தடுப்புப் பருத்தித் துணி பலவற்றுக்கு அடிப்படை.

1960களில் டூபாண்ட் நிறுவனம் நோமெக்ஸ் இழையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்குப் பூச்சே வேண்டாம். இழையின் இயல்பே தீயை எதிர்க்கிறது, உருகுவதுமில்லை. உலகெங்கும் விமானிகளின் பறப்பு உடை இவ்வகை இழைக்கு மாறியது. சூலூரில் 2018 முதல் தேஜஸ் விமானங்கள் நிலைகொண்டுள்ளன. விமானிக்கு எரிபொருள் தீயே பேராபத்து. அதற்கேற்ற உடையை அரசே கொடுக்கிறது.

ஃபவுண்டரித் தொழிலாளியின் ஆபத்து வேறு. ஏறக்குறைய 1,400 பாகை செல்சியசில் ஊற்றப்படும் இரும்பு தெறித்து மேலே விழும். ஆகவே ஐஎஸ்ஓ 11612 தரம் உருகிய அலுமினியத்துக்கு ‘டி’ என்றும் உருகிய இரும்புக்கு ‘இ’ என்றும் தனித்தனிக் குறியீடு வைத்திருக்கிறது. விமானிக்குப் பொருந்தும் துணி இவருக்குப் போதும் என்று கொள்ள முடியாது. சிறு ஃபவுண்டரிகளில் பாலியெஸ்டர் கலந்த பழைய பேன்ட்டோடு உலை முன் நிற்பதுதான் மிகவும் கவலைக்குரியது. பாலியெஸ்டர் சுமார் 260 பாகையில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சாதாரணப் பருத்தி எரியும், ஆனால் ஒட்டாது.

இந்தியத் தர நிறுவனம் வெப்பத்தில் வேலை செய்வோர் உடைக்கு ஐஎஸ் 15748 என்ற தரத்தை வகுத்துள்ளது. 1956இல் கோவையில் தொடங்கிய சிட்ரா, மருத்துவத் துணிகளுக்கான சிறப்பு மையமானது. பாதுகாப்புத் துணிகளுக்கான மையம் காசியாபாத்தின் நிட்ராவுக்குப் போனது. ஃபவுண்டரிகள் நிறைந்த ஊருக்கு இரண்டாவதும் அருகில் இருந்திருக்கலாம்.

நல்ல உடை வாங்கித் தந்தாலும் அதைக் கெடுப்பது பெரும்பாலும் வீட்டுத் துவைகல்தான். குளோரின் பிளீச்சிங் பவுடர் தீத்தடுப்பு வேதிப்பொருளைச் சிதைக்கும். கொங்கு வட்டாரத்தில் பல இடங்களில் உள்ள ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டால் திரிந்த சோப்புப் படலம் துணியில் தங்கும். அந்தப் படலம் எரியக்கூடியது. கஞ்சி போட்டு இஸ்திரி செய்தாலும் இதே கேடு. இத்தகைய உடையைச் சோப்புக் கட்டிக்குப் பதில் டிடர்ஜென்டில், கூடுமானவரை நல்ல தண்ணீரில் துவைக்க வேண்டும். எண்ணெய்க் கறை போகாத உடையை உலையருகே அணியக் கூடாது.