மெத்தைக்குள் இருந்த ஸ்பிரிங்

அப்பா ஐ.சி.யூ.வில் இருந்த நாட்களில், வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து போனில் ஒரு கொலைக் கதை படித்துக்கொண்டிருந்தேன். நிஜமாக நடந்த கொலை. அமெரிக்காவின் இருபதாவது ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டதைப் பற்றி கேண்டிஸ் மில்லார்ட் 2011-ல் எழுதிய 'டெஸ்டினி ஆஃப் த ரிபப்ளிக்'. "பொழுது போயிடும், படிடா" என்று நண்பன் அனுப்பியிருந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துப் படிக்கக் கூடாத புத்தகம் அது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்ஃபீல்ட் பதவியேற்று நான்கு மாதம்கூட ஆகவில்லை. 1881 ஜூலை 2 காலை, வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சார்ல்ஸ் கிட்டோ என்பவன் பின்னாலிருந்து இரண்டு முறை சுட்டான். பாரிஸில் தூதரகப் பதவி கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்து, கிடைக்காமல் போனவன். கடவுளே சுடச் சொன்னார் என்று நம்பியவன். பிற்காலத்தில் மியூசியத்தில் வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துத் துப்பாக்கி வாங்கியவன்! ஒரு குண்டு கையை உரசிப் போனது. இன்னொன்று முதுகின் வலப்பக்கம் நுழைந்து, முள்ளெலும்பு ஒன்றைத் துளைத்து, இடப்பக்கம் கணையத்துக்கு அருகே போய்த் தங்கிவிட்டது. ஆள் உடனே சாகவில்லை. 79 நாள் கழித்து, செப்டம்பர் 19 அன்று நியூ ஜெர்சி கடற்கரை வீடொன்றில்தான் இறந்தார்.

அந்த 79 நாள்தான் புத்தகத்தின் உயிர். தலைமை மருத்துவர் பெயர் டாக்டர் வில்லர்ட் பிளிஸ் (இதில் 'டாக்டர்' பட்டமல்ல, பெற்றோர் வைத்த முதல் பெயரே அதுதான்). அவரும் மற்றவர்களும் கழுவாத விரலையும் கருவிகளையும் காயத்துக்குள் விட்டு விட்டுக் குண்டைத் தேடினார்கள். ஐந்து வருடம் முன்பு, 1876-ல், ஜோசப் லிஸ்டர் பிலடெல்ஃபியாவுக்கே வந்து கிருமிநீக்கம் பற்றிப் பேசிவிட்டுப் போயிருந்தார். அமெரிக்க மருத்துவர்களில் பெரும்பாலோர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதே 1876-ல், அதே ஊரில், கண்காட்சியில் தன் தொலைபேசியைக் காட்டியவர் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல். குண்டு எங்கே என்று கண்டுபிடிக்க அவர் ஒரு கருவி செய்தார். மின்சுருள்களை உடம்பின் மேல் நகர்த்தினால், உள்ளே உலோகம் இருக்கும் இடத்தில் ரிசீவரில் சத்தம் மாறும். ஜூலை 26-ல் முதல் முயற்சி. ஒரு இணைப்பு தவறிப்போய் வெறும் இரைச்சல். ஆகஸ்ட் 1-ல் இரண்டாவது முயற்சி. மெலிதாக ஒரு சத்தம், ஆனால் பரந்த இடத்தில். பெல்லுக்குத் திருப்தியில்லை. மறுநாள் போய் விசாரித்தால், மெத்தைக்கு அடியில் இன்னொரு மெத்தை, அதில் எஃகு ஸ்பிரிங்குகள். அதைவிட முக்கியமான ஒன்று: குண்டு வலப்பக்கம்தான் என்று பிளிஸ் ஏற்கனவே உலகுக்கு அறிவித்துவிட்டதால், பெல்லை வலப்பக்கம் மட்டும்தான் தேட விட்டார்.

ராத்திரி மூன்று மணிக்கு லாக் பார்த்துப் பழகிய யாருக்கும் இந்த இடம் வயிற்றைப் பிசையும். பிழை இல்லாத பக்கத்தில் தேடு என்று மேலே இருப்பவர் சொல்ல, நாமும் தேடிக்கொண்டே இருப்போம். பாஸ்டனுக்குத் திரும்பிப் போய்க் கருவியைச் சரிசெய்ய முயன்றுகொண்டிருந்தபோதுதான் பெல்லின் மகன் எட்வர்ட் குறைப்பிரசவத்தில் பிறந்து, அன்றே, ஆகஸ்ட் 15-ல், இறந்துபோனான். இந்த வரியைப் படித்ததும் போனை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அப்பாவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன். அது நல்லபடியாகத்தான் முடிந்தது. அப்புறம் தொற்று. பத்தொன்பதாம் நாள் போய்விட்டார். அதற்குப் பிறகு சில மாதங்கள் நான் ஒரு பிளிஸைத் தேடிக்கொண்டிருந்தேன். பெரிய டாக்டரா, டியூட்டி டாக்டரா, கட்டு மாற்ற வந்த பையனா? வாசலில் சானிடைசர் பாட்டில் இரண்டு நாள் காலியாக இருந்தது, அதுவா? அதைப் பார்த்தும் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்த நானா? அம்மா ஒருநாள், "யாருன்னு தெரிஞ்சா என்னடா பண்ணப் போற?" என்றாள். பதில் இல்லை.

இரண்டாவது முறை படித்தபோது பிளிஸ் மேல் அவ்வளவு கோபம் வரவில்லை. மில்லார்ட் பொய் சொல்லவில்லை. ஆனால் வெகுஜன வரலாறு எழுதுபவர்களுக்கு ஒரு வில்லன் வேண்டும். கிட்டோ பைத்தியம் என்பதால் பிளிஸுக்கு அந்த வேஷம் கச்சிதமாகப் பொருந்துகிறது. உள்நாட்டுப் போரில் ராணுவ மருத்துவமனை நடத்தியவர் அவர். அன்றைக்கு நாட்டில் பெரும்பாலோர் செய்ததைத்தான் செய்தார். அவரை அழைத்தது ராபர்ட் லிங்கன், ஆபிரகாம் லிங்கனின் மகன். சுடப்பட்ட அப்பாவின் படுக்கையருகே ஏற்கனவே ஒருமுறை நின்ற ஆள், தனக்குத் தெரிந்த பெரிய பெயரைக் கூப்பிட்டார். நானும் அப்படித்தான் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்தேன்.

மரணத்தின் காரணமே அத்தனை சுத்தமாக இல்லை. பிரேதப் பரிசோதனையில், மண்ணீரலுக்குப் போகும் தமனி வீங்கி வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. மருத்துவர்கள் குண்டின் பாதை என்று நம்பியது வெறும் சீழ்த் தடம். 2013-ல் அறுவை மருத்துவர்கள் இருவர், பித்தப்பை கெட்டுப்போனதிலிருந்தே எல்லாம் தொடங்கியிருக்கலாம் என்று எழுதினார்கள். டாக்டர்கள்தான் கொன்றார்கள், நான் வெறுமனே சுட்டேன் என்று கோர்ட்டில் வாதாடியவன் கிட்டோ. அவனை 1882 ஜூன் 30-ல் தூக்கிலிட்டார்கள். நல்ல புத்தகம் ஒன்றைப் படித்து முடிக்கும்போது கொலைகாரனின் வாதம் நமக்கு நியாயமாகப் படுகிறது. அது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அவன் பார்த்துப் பார்த்து வாங்கிய துப்பாக்கி எங்கோ தொலைந்துவிட்டது. மியூசியத்தில் இருப்பது கார்ஃபீல்டின் முள்ளெலும்புதான். விசாரணையில் சாட்சியமாகக் காட்டப்பட்ட அந்த எலும்பில், குண்டு போன வழியைக் காட்ட ஒரு சிவப்புக் குச்சி செருகியிருக்கிறது. அப்பாவின் ஃபைல் என் பீரோவில், எக்ஸ்ரேக்களோடு. போன வாரம் எடுத்து, முதல் பக்கத்திலிருந்து தேதி வாரியாக அடுக்கி வைத்தேன்.