பீடம், மரம், பக்கத்தில் ஒரு புல்

சென்ற மாதம் நான் வானொலியில் ஆற்றிய உரையைச் சிலர் எழுத்திலும் கேட்டிருந்தீர்கள். அதனைச் சுருக்கி இங்கே தருகிறேன்.

போன்சாய் என்றதும் சட்டியில் வளரும் குட்டி மரந்தான் எங்களுக்கு நினைவுக்கு வரும். யப்பானியருக்கோ அந்த மரத்தைக் காட்சிக்கு வைப்பதே தனிக்கலை. இதன் வேர் சீனாவில் இருக்கிறது. 706ஆம் ஆண்டைச் சேர்ந்த இளவரசர் ஷாங்ஹுவாயின் கல்லறைச் சுவரில், கற்களும் சிறு செடிகளும் வைத்த தட்டை ஏந்திய பணியாளரின் ஓவியம் உண்டு. யப்பானில் 1309ஆம் ஆண்டின் சுருள் ஓவியம் ஒன்றிலும் குறுமரங்கள் காணப்படுகின்றன.

மரபான யப்பானிய வீட்டில் விருந்தினர் அறையின் சுவரோரம் 'தொக்கொனோமா' என்றொரு மாடம் இருக்கும். அதில் மரம் பீடத்தின்மேல் நிற்கும், பின்சுவரில் ஒரு சுருள் ஓவியம் தொங்கும், மரத்துக்குச் சற்றுத் தள்ளித் தாழ்வாக ஒரு சிறு புல்லோ பூஞ்செடியோ இருக்கும். பீடம் சட்டியைவிடச் சற்று அகலமாக இருக்க வேண்டும். கிளை கீழே சரியும் மரமென்றால் உயரமான பீடம் வைப்பார்கள். பூத்திருக்கும் மரத்தின் பின்னால் பூ ஓவியம் மாட்டமாட்டார்கள், ஒன்றையே இரண்டு தரம் சொல்லக்கூடாது என்பதற்காக. சிறுசெடியின் வேலை இப்போது என்ன பருவம் என்று சொல்வது. மரத்தைவிட அது எடுப்பாகத் தெரியக்கூடாது.

இந்தக் கலைக்கும் ஓர் இடப்பெயர்வுக் கதை உண்டு. 1923 செப்ரெம்பர் 1இல் வந்த பெருநிலநடுக்கத்துக்குப் பின், ரோக்கியோவில் இருந்த வளர்ப்பாளர்கள் சிலர் வடக்கே ஓமியாவுக்குப் போய், 1925இல் போன்சாய்க் கிராமம் ஒன்றை அமைத்தார்கள். அங்கே குடியேறுபவர் குறைந்தது 10 மரங்களாவது வைத்திருக்க வேண்டும், வேலி உயிர்வேலியாக இருக்க வேண்டும், மாடி வீடு கட்டக்கூடாது, வாசல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். 1934இல் ரோக்கியோவின் உவேனோ கலைக்கூடத்தில் 'கொக்குஃபு' கண்காட்சி தொடங்கியது. பிறகு போர் வந்தது.

1976இல் அமெரிக்காவின் 200ஆவது ஆண்டு நிறைவுக்கு யப்பான் 53 போன்சாய்களை அன்பளிப்புச் செய்தது. அவற்றுள் ஒன்று மசாரு யமாகி தந்த வெண்பைன். 1625 முதல் சட்டியில் வளர்ந்த மரம். வாஷிங்ரனில் 25 ஆண்டுகளாகப் பலரும் அதைப் பார்த்து வியந்தார்கள். மரத்தின் வகை தெரியும், தந்தவரின் பெயரும் தெரியும். 2001இல் யமாகியின் பேரன்மார் இருவர் அங்கே வந்தபோதுதான் மிச்சக் கதை தெரியவந்தது. 1945 ஓகஸ்ட் 6 காலையில் அந்த மரம் ஹிரோசிமாவில், குண்டு விழுந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தூரத்தில் நின்றது. தோட்டத்துச் சுவர்தான் அதைக் காப்பாற்றியது.

இதை அறிந்தபோது கணக்காளனான எனக்குச் சுருக்கென்றது. பதிவேடு சரியாக இருந்தும் முக்கியமான வரி அதில் இல்லை.

எங்கள் வரவேற்பறைத் தட்டில் ஒரு வெண்கல மூக்குப்பேணி இருக்கிறது. வருகிறவர்கள் வடிவென்பார்கள். பிள்ளைகள் தூசி துடைப்பார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, அம்மா அதைச் சேலைக்குள் சுற்றி நாவற்குழிப் பாலத்தால் கொண்டுவந்தார். நான் அப்போது ஒஸ்லோவில். பின்னர் இங்கு வந்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான். நானும் மேலே கேட்கவில்லை. இப்போது கேட்க அம்மா இல்லை.

இந்த உரையை எழுதிய அன்றுதான் மகளுக்கு இதைச் சொன்னேன். "ஏன் அப்பா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்றாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. மறுநாள், இலையுதிர்காலத்தில் நோர்வேக்காரர் வாசலில் வைக்கிற லிங் செடியில் ஒரு சிறு சட்டி வாங்கிவந்து பேணிக்குப் பக்கத்தில் வைத்தாள். பருவம் சொல்லும் செடி.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பொருள் இருக்கும். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். ஆண்டு, ஊர், கொண்டுவந்தவர் பெயர் என்று ஒரு துண்டில் எழுதி அதனடியில் வையுங்கள். விரும்பினால் எங்கள் நிகழ்ச்சியிலும் வந்து சொல்லுங்கள்.