ஓரங்க நாடகமும் ஒடுக்கப்பட்டோர் மேடையும்

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இளைஞர்களுக்குப் பயன்படும் வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் நம்மைப் பணித்தனர். கல்வி, வேலைவாய்ப்பு, சட்டம் ஆகியவை பற்றி அறிஞர் பலர் எழுதுவர். ஆகவே நாம் ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டோம். அரைமணி நேரத்தில் நடித்து முடிக்கத்தக்க ஓரங்க நாடகமே அது. எழுதத் தொடங்கும் இளைஞர் ஆக்கும் சிறு நாடகத்தை ஒரு சமுதாயம் எவ்வாறு பார்க்க வேண்டும், எவ்வாறு போற்ற வேண்டும் என்பதைக் கடல் கடந்து வாழும் ஒரு மக்களின் வரலாற்றைக் கொண்டு விளக்க முற்படுகிறோம். இப்பொருளில் நாமே இழைத்த தவறு ஒன்றும் உண்டு. அதனை இறுதியில் கூறுவோம்.

கரி பூசிய முகங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கறுப்பின மக்களின் அடிமைத்தளை 1865ஆம் ஆண்டில் சட்டத்தால் அறுக்கப்பட்டது. ஆயினும் மேடையில் அவர்களுக்கு விடுதலை கிட்டவில்லை. வெள்ளையர் தம் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைச் சோம்பேறிகளாகவும் மூடர்களாகவும் நடித்துக் காட்டும் கேளிக்கை 1830களிலேயே தோன்றிப் பல்லாண்டுகள் பெருவழக்காய் இருந்தது. பின்னர்க் கறுப்பின நடிகர்களே மேடையேறியபோதும் பெரும்பாலும் அதே கோமாளி வேடமே அவர்களுக்குக் கிடைத்தது. நம் நாட்டு மேடையிலும் திரையிலும் நம்மவர் ஏவலாளாகவும் நகைப்புக்குரியவராகவும் காட்டப்பட்டதைக் கண்டு வளர்ந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்நிலையை மாற்ற முனைந்தோருள் தலையாயவர் பேரறிஞர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ். 1910ஆம் ஆண்டில் 'கிரைசிஸ்' என்னும் திங்களிதழைத் தொடங்கிய அவர், அரசியல் உரிமைக்கு வாதாடிய அதே இதழில் கதைக்கும் கவிதைக்கும் நாடகத்திற்கும் இடமளித்தார். 1916இல் வாஷிங்டன் நகரில் ஏஞ்சலினா வெல்ட் கிரிம்கே என்னும் கறுப்பினப் பெண்மணி எழுதிய 'ரேச்சல்' நாடகம் அரங்கேறியது. கறுப்பின மக்களைக் கும்பலாகத் திரண்டு கொல்லும் கொடுமையை எடுத்துரைத்த அந்நாடகத்தைப் பார்த்தவர்களுள் வில்லிஸ் ரிச்சர்ட்சன் என்பவரும் ஒருவர். அரசின் பணத்தாள் அச்சிடும் அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய அவருக்கு, தாமும் நாடகம் எழுத வேண்டும் என்னும் வேட்கை அன்றுதான் பிறந்தது. ஏழாண்டுகளில் அவ்வேட்கை கனிந்தது. 1923ஆம் ஆண்டு மே மாதம் அவருடைய ஓரங்க நாடகம் ஒன்று நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் நடிக்கப்பட்டது. இசைக் கேளிக்கை நீங்கலாக, கறுப்பினத்தவர் ஒருவர் எழுதி அப்பெருமேடை கண்ட முதல் நாடகம் அதுவே.

நூலகத்தின் நிலவறை

1925ஆம் ஆண்டில் 'கிரைசிஸ்' இதழ் புதிய எழுத்தாளர்களுக்குப் பரிசுப் போட்டி நடத்தியது. நாடகப் பிரிவில் ரிச்சர்ட்சனின் 'உடைந்த பாஞ்சோ' முதற்பரிசும், ரூத் கெயின்ஸ் ஷெல்டன் எழுதிய 'திருச்சபைச் சண்டை' இரண்டாம் பரிசும் பெற்றன. பரிசு பெற்ற நாடகங்கள் தாளிலேயே உறங்கிவிடலாகாது எனக் கருதிய டுபாய்ஸ் 'கிரிக்வா நடிகர் குழு'வைத் தோற்றுவித்தார். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் செறிந்து வாழும் ஹார்லெம் பகுதியில், 135ஆம் தெருவிலிருந்த பொது நூலகத்தின் நிலவறையே அக்குழுவின் அரங்கமாயிற்று. 1926ஆம் ஆண்டு மே மாதம் மேற்குறித்த இரண்டு நாடகங்களும், ரிச்சர்ட்சனின் 'சமரசம்' என்னும் மற்றொரு நாடகமும் அங்கு நடிக்கப்பெற்றன.

அதே ஆண்டில் டுபாய்ஸ் தம் இதழில் நான்கு நெறிகளை வகுத்தார். நாடகம் நம்மைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். நம்மவரால் எழுதப்படுதல் வேண்டும். நம் மக்களுக்காக நடிக்கப்படுதல் வேண்டும். நாம் வாழும் இடத்திற்கு அருகிலேயே நிகழ்தல் வேண்டும் என்பனவே அவை. முதல் மூன்றையும் பலர் கூறக்கூடும். நான்காவதே நம் சிந்தனைக்குரியது. தொலைவிலுள்ள பெரிய அரங்கிற்கு உழைப்பாளி செல்வதில்லை. அவன் வீட்டுக்கு அருகில் மேடை அமைந்தால், வேலை முடிந்த மாலையில் மனைவி மக்களோடு வந்து அமர்வான். அத்தகைய மேடைக்கு ஏற்றது ஓரங்க நாடகமே. ஒரே காட்சியமைப்பு, சில நடிகர்கள், சிறு பொழுது ஆகியவை போதும். ஒரே மாலையில் மூன்று நாடகங்களை நடிக்கலாம். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்னும் பழமொழி இதற்கு நன்கு பொருந்தும்.

பார்க்க வேண்டிய முறை

சிறு நாடகத்தைப் பெரிய நாடகத்தின் சுருக்கம் என எண்ணுதல் பிழை. பெரிய நாடகம் ஒரு வாழ்க்கையைச் சொல்லும். சிறு நாடகமோ அவ்வாழ்க்கை திரும்பும் ஒரு முனையை மட்டும் காட்டும். முன்கதை உரையாடலுக்குள் மறைந்து நிற்கும். ஆதலின் பார்ப்போர் செவியைத் தீட்டிக்கொள்ளல் வேண்டும். மேடையில் உள்ள ஏதேனும் ஒரு பொருள் நாடகத்தின் சுமை முழுவதையும் தாங்கி நிற்பதுண்டு. 'உடைந்த பாஞ்சோ'வில் அந்த நரம்பிசைக் கருவியே உலகில் தன் அன்புக்குரியது எனக் கருதும் ஒருவனைக் காண்கிறோம். கருவி உடைகிறது, அதனையொட்டி அவன் மறைத்து வைத்த கொலையும் வெளிப்பட்டு விடுகிறது.

ஜார்ஜியா டக்ளஸ் ஜான்சன் என்னும் பெண்மணி எழுதி, 1927இல் 'ஆப்பர்சூனிட்டி' இதழின் போட்டியில் முதற்பரிசு பெற்ற 'இறகுகள்' நாடகம் இன்னும் கூர்மையானது. ஏழைத் தாய் ஒருத்தியின் மகள் சாகும் தறுவாயில் கிடக்கிறாள். அறுவை மருத்துவத்திற்கு ஐம்பது டாலர் வேண்டுமென்கிறார் மருத்துவர்; பிழைப்பாள் என்னும் உறுதியும் அவரால் தர இயலவில்லை. தாயிடம் உள்ளது அவ்வளவு பணமே. அதனைக் கொண்டு, இறகு சூடிய குதிரைகள் பூட்டிய வண்டியில் மகளைச் சிறப்போடு அடக்கம் செய்யலாம் என்பதும் அவளுடைய ஏக்கம். உயிரோடிருக்கையில் மதிக்கப்படாதவர்கள் இறந்த பின்னேனும் மதிப்பைப் பெற விழைவது எத்தகைய துயரம்! அவள் முடிவு செய்வதற்குள் மகள் இறந்துவிடுகிறாள். நாடகம் எவரையும் பழிக்கவில்லை, அறிவுரையும் கூறவில்லை. ஈமச் சடங்கிற்காகக் கடன்பட்ட குடும்பங்களை அறிந்த நாம் அந்த அமைதியின் பொருளை உணர்வோம்.

'திருச்சபைச் சண்டை'யோ நகைச்சுவை. போதகரை நீக்க வேண்டுமெனச் சபையார் கொதிக்கின்றனர். அவர் நேரில் வந்து நின்றதும் குற்றஞ்சாட்ட ஒருவரும் முன்வரவில்லை. சங்கங்களின் பொதுக்குழுவில் அமர்ந்து பழகிய நம் அன்பர்கள் இதனைக் கேட்டுப் புன்னகை பூப்பர் என்பதில் ஐயமில்லை.

இருநூறு டாலர்

கிரிக்வா குழுவில் சிறந்து விளங்கிய மற்றொருவர் யூலலி ஸ்பென்ஸ். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான நேவிஸில் பிறந்து, சிறு வயதில் நியூயார்க் வந்து, பின்னர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியையாகப் பல்லாண்டுகள் பணியாற்றியவர். நியூயார்க் ஷேக்ஸ்பியர் விழாவைத் தோற்றுவித்த ஜோசப் பாப் அவருடைய மாணவரே. நாடகம் யாவும் இனத்தின் உரிமைக்குரிய பரப்புரையாதல் வேண்டுமென டுபாய்ஸ் கருதினார். மக்கள் அரங்கிற்கு வருவது மகிழ்வதற்கே, பழைய புண்களைக் கிளறிக்கொள்வதற்கன்று என ஸ்பென்ஸ் கருதினார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. கருத்து வேற்றுமையோடு அவர்கள் ஒரே குழுவில் இயங்கினர் என்பதே சிறப்பு.

1927ஆம் ஆண்டு மே மாதம் ஸ்பென்ஸ் எழுதிய 'வீண் அலைச்சல்' நாடகத்தைச் சிறு நாடகக் குழுக்களின் போட்டியில் கிரிக்வா நடித்தது. குழந்தைத் துணிகளைக் கண்டெடுத்த ஊரார், மணமாகாத பெண்ணொருத்தி மீது பழி சுமத்திக் கூடுகின்றனர். துணிகளோ கருவுற்றிருந்த அவள் தாய்க்குரியவை. ஊர்வாயை எள்ளி நகைக்கும் இந்நாடகம் இருநூறு டாலர் பரிசை வென்றது. அப்பணத்தை டுபாய்ஸ் நாடகச் செலவுக்கென எடுத்துக்கொண்டார். எழுதியவருக்கும் நடித்தவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. மனக்கசப்பு மூண்டது; ஹார்லெம் குழு விரைவில் கலைந்தது.

டுபாய்ஸ் அப்பணத்தைத் தமக்கெனக் கொண்டாரல்லர். செலவு உண்மையானதே. எனினும், பெரிய நோக்கத்திற்காக உழைக்கிறோம் என்னும் எண்ணமே உழைத்தவரின் பங்கை மறக்கச் செய்துவிட்டது. இவ்வரலாற்றில் நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே. இடம் கொடுத்தவர், ஊக்கம் கொடுத்தவர், உரியதைக் கொடுக்க மறந்தார்.

ஆயினும் விதைத்தது வீண்போகவில்லை. 1929இல் மற்றொரு நாடகக் குழு அதே நிலவறையில் எழுந்தது. 1940இல் அங்கேயே தோன்றிய 'அமெரிக்கன் நீக்ரோ தியேட்டர்' குழுவில்தான் சிட்னி பாய்ட்டியர் நடிப்புப் பயின்றார். 1964இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

நம் நாட்டில்

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகம் ஹார்லெமுக்கு அருகிலேயே உள்ளது. 1946இல் அவர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படியை வேண்டினார். டுபாய்ஸும் மறுமொழி விடுத்தார். ஸ்பென்ஸின் நாடகம் பரிசு வென்ற அதே 1927ஆம் ஆண்டின் மார்ச்சு மாதத்தில்தான் மகாத் நகரின் குளத்தில் அண்ணல் நீரள்ளிப் பருகினார். மராத்தி மேடையில் பிரேமானந்த் கஜ்வி 1970களின் இறுதியில் படைத்த ஓரங்க நாடகம், தண்ணீர் மறுக்கப்பட்ட அந்தக் கொடுமையையே பொருளாகக் கொண்டு பல மொழிகளுக்கும் சென்றது. தமிழில் முனைவர் கே. ஏ. குணசேகரனின் 'பலி ஆடுகள்' 1992இல் மேடையேறி, முதல் தலித் நாடகம் எனப் போற்றப்பட்டது.

இனி, நம் தவறு. பல்லாண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில், நம் தெருவைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதிய நாடகம் நிகழ்ச்சி நிரலின் இறுதியில் இருந்தது. செங்கற்சூளையில் முன்பணம் வாங்கிய தந்தையின் கதை அது. சிறப்புரைகள் நீண்டன. இரவு பத்தாயிற்று. மகன் தந்தையை நோக்கிப் பேசத் தொடங்கும் வேளையில், திரையை இறக்குமாறு கைகாட்டியவர் நாமே. மறுநாள் அவன் ஒன்றும் கேட்கவில்லை. அதன்பின் எந்த நோட்டையும் நம்மிடம் கொண்டுவரவுமில்லை. அம்மகன் என்ன பேசியிருப்பான் என்பது இன்றளவும் நமக்குத் தெரியாது.

ஆகவே கழகத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் இளைஞர்க்கு ஓரங்க நாடகப் போட்டி ஒன்று வைப்போம். தேர்ந்த மூன்று நாடகங்களை நம் தெருவிலேயே, சொற்பொழிவுகளுக்கு முன்னதாக நடத்துவோம். அழைப்பிதழில் தலைவர் பெயருக்கு இணையாக எழுதியவர் பெயரையும் அச்சிடுவோம். பரிசுத் தொகையை எச்செலவுக்கும் திருப்பாமல் அவர் கையிலேயே அளிப்போம். இளைஞர்களே, நீங்கள் எழுதுங்கள். திரை இறங்கும்வரை நாம் அமர்ந்திருப்போம்.