எங்கே கிடைத்தது?

அரியாங்குப்பம் ஆற்றின் இந்தக் கரையில் தேங்காய்த்திட்டு. அந்தக் கரையில் கொஞ்சம் தள்ளி அரிக்கமேடு. மீன்பிடித் துறைமுகமும் அலையாத்திக் காடும் இருக்கிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது சரித்திரப் புத்தகத்தில் வரும் ஊர் இல்லை. அக்கரை, அவ்வளவுதான்.

வார நாட்களில் நான் கம்ப்யூட்டரில் நிரல் எழுதுகிறவன். கொஞ்ச காலமாக, சனிக்கிழமை காலைகளில் இங்குள்ள ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் உட்காருகிறேன். ஆசிரியராக இருக்கும் நண்பர் இழுத்துவிட்ட வேலை. "ப்ராஜெக்ட் குடுத்தா எல்லாம் நெட்லேர்ந்து அப்படியே எழுதிட்டு வருதுங்க. ஆராய்ச்சின்னா என்னன்னு நீ வந்து ஒவ்வொரு படியா சொல்லிக் குடு" என்றார். நானும் பள்ளியில் அப்படித்தான் எழுதினேன், நல்ல மார்க்கும் வாங்கினேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

முதல் நாள் கரும்பலகையில் ஆறு படிகள் எழுதினேன். கேள்வி கேள். ஏற்கெனவே தெரிந்ததைப் படி. ஊகம் சொல். சான்று திரட்டு. ஊகத்தைச் சோதி. எழுது. பொறியியல் படித்தவனுக்கு இப்படி ஒரு வரைபடம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிள்ளைகளும் கட்டம் கட்டி, அம்புக்குறி போட்டு, அழகாக எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு பையன் ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தான். நீலத்திலும் சிவப்பிலும் ஐந்து சின்ன மணிகள், மேலே வரி ஓடிய ஒரு பானை ஓடு. "அரிக்கமேட்டு மணி சார்." எனக்குக் கை நடுங்கியது. இது ஆயிரக்கணக்கான வருஷம் பழசா இருக்கலாம் தெரியுமா என்று ஆரம்பித்து ரோமாபுரி வரைக்கும் போய்விட்டேன். வகுப்பு கை தட்டியது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "எங்க கெடச்சுதுன்னு நீங்க கேக்கவே இல்லையே சார்" என்றாள்.

கேட்டேன். "அக்கரைல சார்." அக்கரைல எங்க? "மழ பேஞ்சா மேலயே கெடக்கும் சார். ரெண்டு போன வருஷம் எடுத்தது. மத்ததெல்லாம் மாமா பையன் குடுத்தான்." எந்த இரண்டு? அவன் மணிகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "தெரில சார்."

எனக்கு உறைத்தது அப்போதுதான். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. எடுத்ததற்கு நான் கை தட்ட வைத்திருக்கிறேன். அதைவிடப் பெரிய சங்கடம், அந்த மணிகளிடம் இனி கேட்பதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. எந்த ஆழம், எந்தப் பக்கம், கூட என்ன கிடந்தது, எல்லாம் போய்விட்டது.

அன்றிரவு அரிக்கமேட்டின் கதையை மறுபடி எடுத்துப் படித்தேன். இந்த முறை தோண்டியவர்களைப் பற்றி மட்டும் படித்தேன். ஆராய்ச்சியின் படிகளைச் சொல்லிக்கொடுக்க எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இவ்வளவு நல்ல பாடம் இருந்திருக்கிறது.

*

முதலில் வருகிறவர் வானியலாளர். லெ ஜான்தி என்கிற பிரெஞ்சுக்காரர், சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்ப்பதற்காக 1768-ல் புதுச்சேரிக்கு வந்தவர். 1761-லேயே பார்த்திருக்க வேண்டியது. ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்ததால் இறங்க முடியாமல், கடலிலேயே அந்த நாளைக் கழித்தார். எட்டு வருஷம் காத்திருந்து 1769 ஜூனில் கருவிகளோடு தயாராக நின்றால், அன்று காலை வானத்தை மேகம் மூடிவிட்டது. வந்த காரியம் நடக்கவில்லை. ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் பார்த்ததையெல்லாம் எழுதிவைத்தார். வீராம்பட்டினத்துக்காரர்கள் ஆற்றங்கரை இடிபாடுகளிலிருந்து பெரிய பெரிய பழைய செங்கற்களை எடுத்துப்போவதையும், அது ஒரு பழைய ராஜாவின் கோட்டை என்று அவர்கள் சொன்னதையும் குறித்தார். அரிக்கமேட்டைப் பற்றிய பழைய எழுத்துக் குறிப்புகளில் ஒன்று இது. அவர் கேட்காத கேள்விக்குக் கிடைத்த பதில்.

அப்புறம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சத்தமில்லை. 1930-களில் ழூவோ துப்ரேய் வருகிறார். புதுச்சேரியில் பேராசிரியர், பல்லவர் கலையைப் பற்றி விரிவாக எழுதியவர். அவரிடம் மணிகளைக் கொண்டுவந்து காட்டியவர்கள் யார் தெரியுமா? உள்ளூர்ப் பிள்ளைகள். மழைக்குப் பிறகு மேலே கிடக்கும் மணிகள், கற்கள். அவர் காசு கொடுத்து வாங்கினார், தானும் போய்ப் பொறுக்கினார். ஒரு கல்லில் மனிதத் தலை ஒன்று செதுக்கியிருந்தது. அகஸ்டஸ் சீசர் என்று முடிவு செய்தார். 1937 வாக்கில், இது உண்மையான ரோமானிய நகரம் என்று ஆளுநருக்குச் சொன்னார்.

அவர் கண்கள் கூர்மையானவை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் பெயர் நமக்குத் தெரியாது. எந்தக் குழி, எந்த மேடு என்பதும் தெரியாது. என் வகுப்பில் நடந்ததேதான் அங்கேயும் நடந்திருக்கிறது.

1940-களின் தொடக்கத்தில் ஃபோஷே என்ற பாதிரியாரும் சுர்லோ என்பவரும் அங்கே தோண்டினார்கள். இருவரும் தொல்லியல் பயின்றவர்கள் இல்லை. ஆர்வமும் உழைப்பும் நிறைய. கிடைத்த பொருட்களில் சில புதுச்சேரி நூலகத்தில் நின்றன, சில சென்னைக்கு வந்தன, சில வியட்நாமின் ஹனோய் வரைக்கும் போயின.

சென்னைக்கு வந்ததில் ஒன்று அருங்காட்சியக அலமாரிக்குள் கிடந்தது. நீளமான கைப்பிடி வைத்த ஜாடி ஒன்றின் கழுத்து. 1944-ல் இந்தியத் தொல்லியல் துறையின் புதிய தலைமை இயக்குநர் மார்ட்டிமர் வீலர் அதைப் பார்த்தார். மத்தியதரைக்கடல் பக்கம் ஒயினும் எண்ணெயும் ஏற்றிய ஆம்ஃபோரா ஜாடி அது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அடுத்து புதுச்சேரி நூலகத்துக்கு வந்தார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பாக மினுமினுக்கும் ஓடுகள். இத்தாலியின் அரெஸ்ஸோவில் செய்த அரெட்டைன் பாத்திரம்.

இந்த இடத்தில் வீலர் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 'ரோமானியர் இங்கே வந்தார்களா?' என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பதில் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அவருடைய கேள்வி வேறு. தென்னிந்தியாவில் பானை ஓடுகளும் பெருங்கற்காலக் கல்லறைகளும் ஏராளம், ஆனால் எது எந்தக் காலம் என்று உறுதியாகச் சொல்ல ஒரு ஊன்றுகோல் இல்லை. அரெட்டைன் பாத்திரத்தின் காலம் இத்தாலியில் நன்றாகத் தெரியும், கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவோடு அது மங்கிவிடுகிறது. அந்த ஓடு கிடக்கும் அதே மண்ணடுக்கில் நம் ஊர்ப் பானை என்ன கிடக்கிறது என்று பார்த்தால்? அங்கே நம் பானைக்கு ஒரு தேதி கிடைக்கும். அந்தப் பானை வேறு எந்த ஊரில் கிடைத்தாலும் அங்கேயும் அந்தத் தேதி போய்ச் சேரும்.

1944-ல் அவர் தட்சசீலத்தில் இளைஞர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தினார். 1945 ஏப்ரல் முதல் சில மாதங்கள் நடந்த அரிக்கமேட்டு அகழாய்வு அந்தப் பயிற்சியின் தொடர்ச்சி மாதிரி. சொல்லிக்கொடுத்தது ரொம்ப எளிமையான விஷயம். நிலத்தைச் சதுரங்களாகப் பிரி. சதுரங்களுக்கு நடுவே மண் சுவரை விட்டுவை, அந்தச் சுவரில் அடுக்குகள் தெரியும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஓர் எண் கொடு. கையில் வரும் ஒவ்வொரு ஓட்டுக்கும் அந்த எண்ணை அப்போதே எழுது, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே. நிலத்தடி நீர் ஊறும் இடம், பம்பு வைத்து இறைத்துக்கொண்டே தோண்டினார்கள். சேற்றுக்குள் நின்றபடி சீட்டு எழுதியிருப்பார்கள்.

என் தொழிலிலும் இதுதான் பாடம். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் வரும் புகாரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பதிப்பு, எந்தத் திரை, அதற்கு முன் எதை அழுத்தினீர்கள்? அப்போதே குறிக்காததை அப்புறம் யாராலும் ஞாபகத்திலிருந்து மீட்க முடியாது.

*

அடுத்த சனிக்கிழமை இந்தக் கதையைச் சொன்னேன். வீலர் 1946-ல் வெளியிட்ட அறிக்கையைப் பற்றியும் சொன்னேன். எளிமையாக வாழ்ந்துகொண்டிருந்த மீனவர்களின் கரையில் மேற்கிலிருந்து வணிகர்கள் வந்து இறங்கினார்கள், அதனால் ஊர் எழுந்தது என்பது போன்ற சித்திரம் அதில் இருந்தது.

மணி கொண்டுவந்த பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் வீட்டில் படகு இருக்கிறது. "அப்ப எங்காளுங்க சும்மா மீன் புடிச்சிட்டு மட்டும் இருந்தாங்களாமா சார்?"

அது நல்ல கேள்வி. அவனுக்கு முன்பே அதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். விமலா பெக்லி, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டில் மீண்டும் தோண்டினார். வீலரின் அடுக்குகளையும் ஓடுகளையும் மறுபடி ஆராய்ந்தார். ரோமானியப் பொருட்கள் வருவதற்கு முன்பே, கிறிஸ்து பிறப்பதற்கு இரண்டு நூற்றாண்டுகளாவது முன்பிருந்தே, அங்கே மக்கள் வாழ்ந்ததும் வணிகம் செய்ததும் தெரிந்தது. ரோமானிய வணிகம் தேய்ந்த பிறகும் அந்த இடம் ஒரேயடியாகச் செத்துவிடவில்லை. மணி செய்யும் தொழில் உள்ளூர்த் தொழில். ஓடுகளில் தமிழ்-பிராமியில் எழுத்துகள் கீறியிருக்கின்றன. உள்பக்கம் புள்ளிப் புள்ளியாகச் சக்கரக் கோலம் ஓடும் ஒருவகைத் தட்டை, வீலர் மேற்கிலிருந்து வந்ததாக நினைத்தார். பிற்பாடு களிமண்ணைச் சோதித்தவர்கள் அது இந்தியாவிலேயே செய்தது என்றார்கள்.

"அப்ப வீலர் ஃபெயிலா சார்?"

இல்லை. வீலரின் கதை தப்பாகப் போனது. ஆனால் அவருடைய சீட்டுகள் தப்பவில்லை. எந்த ஓடு எந்த அடுக்கு என்று எழுதிவைத்ததால்தான் நாற்பது வருஷம் கழித்து இன்னொருவர் வந்து, "நீங்கள் சொன்ன முடிவு இதிலிருந்து வரவில்லையே" என்று அவரை மறுக்க முடிந்தது. துப்ரேய் வாங்கிய மணிகளை வைத்து அவரை மறுக்கவும் முடியாது, ஆமோதிக்கவும் முடியாது.

பையனிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். "உங்க ஆளுங்கதான் கப்பல் விட்டாங்கன்னு நீ நினைக்கிறதும் இப்போதைக்கு ஊகம்தான்டா. வீலரோட ஊகத்துக்கு என்ன சோதனையோ, அதே சோதனைதான் உன்னோடதுக்கும்." அவனுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் சொல்லப் பிடிக்கவில்லை. ஆனால் பெருமைக்காக ஒரு படியைத் தாண்டிக் குதிக்கிற பழக்கத்தை அந்த வயதில் விட்டால், அப்புறம் பிடிக்க முடியாது. நம் ஊரில் சரித்திரம் பேசுகிற பெரியவர்கள் எத்தனை பேர் அந்த ஒரு படியைத் தாண்டிவிட்டே பேசுகிறார்கள்!

பள்ளிப் பிள்ளைகளால் இதெல்லாம் முடியுமா என்று நண்பர் கேட்டார். முடிந்திருக்கிறது. கீழடியில் 1970-களில் ஒரு பள்ளி ஆசிரியர், மாணவர்கள் வழியாகத் தெரியவந்த பழம்பொருட்களைச் சேகரித்துத் துறைக்குத் தெரிவித்தார். முறையான அகழாய்வு தொடங்க 2015 ஆனது, ஆனால் தகவல் தொலையவில்லை. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணியில் ஓர் அரசுப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தில் பிள்ளைகள் கல்வெட்டு படிக்கவே கற்றுக்கொண்டார்கள்.

அந்த ஐந்து மணிகளையும் ஓட்டையும் ஒரு உறையில் போட்டு, தலைமை ஆசிரியரின் கடிதத்தோடு துறையிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்தோம். உறையோடு வைக்கும் சீட்டை அவனையே எழுதச் சொன்னேன். பொருள், நிறம், அளவு எல்லாம் ஸ்கேல் வைத்துப் பார்த்துக் கவனமாக எழுதினான். 'கிடைத்த இடம்' என்ற கோட்டுக்கு வந்ததும் பேனா நின்றது. 'அரிக்கமேடு' என்று எழுதி, அதை அடித்து, 'அரிக்கமேடு என்று நினைக்கிறேன்' என்று மாற்றினான். அந்த ஆறு படிகளை வைத்து என்னால் சொல்லிக்கொடுக்க முடியாததை அந்த ஒரு அடித்தல் அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

கரும்பலகையை மாற்றினேன். முதல் படிக்கு மேலே இன்னொரு வரி: 'பார்த்ததைப் பார்த்த இடத்திலேயே எழுது.' எண் என்ன போடுவது என்று கேட்டார்கள். பூஜ்யம் போடச் சொன்னேன். நிரல் எழுதுகிறவர்கள் பூஜ்யத்திலிருந்துதான் எண்ண ஆரம்பிப்போம்.

போன மாதம் எல்லோரும் முறையாகக் கேட்டுக்கொண்டு அரிக்கமேட்டுக்குப் போனோம். கையில் நோட்டு, இரண்டு டேப், ஒரு ஃபோன். யாரும் எதையும் குனிந்து எடுக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அவன் நோட்டில் அன்று எழுதியது:

'காலை 9.40. பழைய குருமடச் சுவர் மூலையிலிருந்து ஆத்துப் பக்கம் 46 தப்படி. சிவப்பு ஓடு 3, கருப்பு ஓடு 1, எல்லாம் ஒரு முழத்துக்குள்ள. போட்டோ எடுத்தேன். ஓட்டை எடுக்கல, அங்கேயே இருக்கு. ஏன் இங்க மட்டும் இவ்ளோ ஓடு?'

கேள்வி கடைசி வரியில்தான் வந்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அதிலிருந்து தொடங்குகிறோம்.