எந்த மகாவம்சம்?

"மகாவம்சம் கூறுகிறது" என்று எழுதிவிட்டு, அத்தியாய எண்ணைக்கூடத் தராமல் அடுத்த வாக்கியத்திற்குச் செல்வது இலங்கை அரசியல் எழுத்துகளில் நெடுநாளைய வழக்கம். சிங்களத்தில் எழுதுவோரும் தமிழில் எழுதுவோரும் இதற்கு விலக்கல்லர். ஆனால் மகாவம்சம் ஒரே காலத்தில் ஒருவரால் எழுதி முடிக்கப்பட்ட நூல் அன்று. கி.பி. 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டில் மகாநாம தேரர் இயற்றியதாகக் கருதப்படும் பகுதி, மகாசேனன் ஆட்சியுடன், 37ஆம் அத்தியாயத்தின் 50ஆம் செய்யுளில் நின்றுவிடுகிறது. பின்வந்தோர் அதே அத்தியாயத்தின் நடுவிலிருந்து தொடர்ந்தனர்.

அத்தொடர்ச்சியில் கண்டிக்குப் பெரும் பங்குண்டு. 1747இல் ஆட்சிக்கு வந்த கீர்த்தி சிறீ இராசசிங்கன் மதுரையிலிருந்து வந்த நாயக்கர் மரபினன். பல நூற்றாண்டுகளாக எழுதப்படாதிருந்த வரலாற்றைத் தன் காலம்வரை எழுதுவிக்க அவன் விரும்பினான். சயாமிலிருந்து வந்த நூல்களையும் இலங்கையில் இருந்தவற்றையும் ஆராய்ந்து, திப்பொட்டுவாவே புத்தரக்கித தேரர் அப்பணியை முடித்தார். தென்னிந்திய வழிவந்த அரசனொருவன் பாளி மொழி வரலாற்றில் இடம்பெற்றது இவ்வாறே. கண்டி அரசு 1815இல் பிரித்தானியர் கைக்குச் சென்றதுவரையான செய்திகளை 19ஆம் நூற்றாண்டில் ஹிக்கடுவே சுமங்கல தேரர் சேர்த்தார்.

ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் கைகர் இந்த அடுக்குகளைப் பிரித்துக் காட்டினார். 1908இல் முதற்பகுதியைப் பதிப்பித்த அவர், பிற்பகுதிகளுக்குச் சூளவம்சம் என்று பெயரிட்டு 1925, 1927ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். அதன்பின் அத்தியாய எண்ணும் செய்யுள் எண்ணும் தந்து மேற்கோள் காட்டுவது ஆய்வு மரபாயிற்று. எல்லாளன் கதையை எழுதியவருக்கும் கண்டி நாயக்கரைப் பற்றி எழுதியவருக்கும் இடையே 12 நூற்றாண்டுகளாவது உண்டு. இருவரையும் ஒரே குரலாக்கி வாதிடுவோர் எந்தத் தரப்பினராயினும் வரலாற்றுக்கு நீதி செய்தவராகார்.

இன்று பல்கலைக்கழக ஆய்வேடுகளில் இச்சிக்கல் வேறு உருவில் வந்திருக்கிறது. மாணவர் மேற்கோள் காட்டும் இணையப் பக்கம், தேர்வாளர் திறந்து பார்க்கும்போது வேறு செய்தியைச் சொல்லக்கூடும். பக்கமே இல்லாமலும் போகலாம். ஆகவே முகவரி மட்டும் போதாது. பார்த்த தேதியையும் குறிப்பிட வேண்டும். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு திருத்தத்திற்கும் தனி நிலையான இணைப்பு உண்டு. படித்த வடிவத்தின் இணைப்பையே தரவேண்டும். ஏனைய பக்கங்களை, 1996இல் தொடங்கிய இணைய ஆவணக் காப்பகத்தில் சேமித்து, அந்தப் பிரதியின் முகவரியைக் கொடுக்கலாம்.

ஏட்டுச்சுவடியில் ஒரு நூல் மாறப் பல நூற்றாண்டுகள் ஆயின. இணையத்தில் அது ஒரு பிற்பகலில் நிகழ்கிறது. இரண்டுக்கும் ஆய்வாளன் சொல்ல வேண்டிய விடை ஒன்றே: நான் படித்தது எந்தப் பகுதி, எந்தப் பதிப்பு, எந்த நாளுக்குரியது என்பது. அதைச் சொல்லாத மேற்கோளைப் பிறர் சரிபார்க்க வழியில்லை.